அடுத்த அறைக்காரி

மூத்தவள் தண்ணீர் வாளியோடு கூடத்தைக் கடந்தபோது, மாமியார் தன் மடியிலிருந்த குழந்தையின் முகத்தின்மேல் துண்டை இழுத்துவிட்டாள்.

கோபமாக ஒன்றும் செய்யவில்லை. ஈ ஓட்டுகிறவள்போல, பேச்சைக்கூட நிறுத்தாமல் செய்தாள். "அந்தம்மா பத்து மணிக்கு வந்துரும். அதுக்குள்ள ரூமு காஞ்சிருக்கணும்."

"சரிங்க அத்தை" என்று மூத்தவள் தலையைத் திருப்பாமலே அறைக்குள் போனாள். அவள் மறைந்ததும் துண்டு விலகியது. குழந்தை கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தது.

சோபாவின் மறுமுனையில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த இளையவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"மூச்சு முட்டப்போகுது அத்தை."

"முட்டாது. நானும் ரெண்டு பெத்தவதான்."

அதற்குமேல் இளையவளுக்கு வாய் வரவில்லை. வாயைத் திறந்திருக்கக் கூடாத ஒருநாளில் அவள் திறந்துவிட்டாள். அன்றிலிருந்து திறக்க வேண்டிய இடத்தில் எல்லாம் அது ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

மூன்றாம் மாடியில் இருந்தது அவர்கள் வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, மாமியாருக்கு ஓர் அறை. மீதி இருந்த பெரிய அறையைச் சின்னவனின் கல்யாணத்தின்போது பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். ஒரு பாதியில் பெரியவனும் மூத்தவளும், மறுபாதியில் சின்னவனும் இளையவளும். பலகைக்கு வெள்ளையடித்து, சுவர் என்று எல்லாரும் சொல்லப் பழகியிருந்தார்கள்.

மூத்தவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போகாத ஆஸ்பத்திரி பாக்கி இல்லை. பெரியவன் ஒருநாளும் பரிசோதனைக்குப் போனதில்லை. அவனைப் போகச் சொன்னவர்களும் இல்லை.

இளையவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளை முதலில் சிரிக்க வைத்தவள் மூத்தவள்தான். மாமியார் நடப்பதுபோல நடந்து காட்டுவாள். பல் டாக்டரைப் பார்த்துப் பயந்து ஓடிய போலீஸ்காரர் கதையைச் சொல்லுவாள். இளையவள் மசக்கையில் சுருண்டு கிடந்த மாதங்களில் வாந்திக் கிண்ணத்தைக் கழுவியவளும் அவள்தான். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்ததும் அதற்குப் 'பொடிசு' என்று பெயர் வைத்தவளும் அவள்தான். இளையவள் பால் கொடுக்கும்போதெல்லாம் முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். குடிக்கிற குழந்தையைப் பார்ப்பது அவளுக்கு அலுக்கவே இல்லை.

பால்தான் சரியாக அமையவில்லை. பொடிசு மார்பைப் பிடிக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும், களைத்துத் தூங்கிவிடும். தூங்கிய சூட்டிலேயே பசித்து எழுந்து கத்தும். இளையவளுக்குக் காம்பு வெடித்துப் புண்ணாகிவிட்டது. குழந்தையின் எடை ஏறவில்லை. பவுடர் பால் டப்பா வீட்டுக்குள் வந்தது. அதோடு கேள்விகளும் வந்தன.

ஒருநாள் மாமியாரின் தங்கை வந்திருந்தாள். இளையவளின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அக்காளும் தங்கையும் பேசினார்கள்.

"எங்க காலத்துல ஊருக்கே குடுக்கலாம், அப்படிச் சுரக்கும்" என்றாள் தங்கை.

"இவளுக்கு ஒடம்புலயே இல்லையோ என்னமோ. ஆபீஸ்ல நாள் பூரா நாற்காலியில உக்காந்த ஒடம்பு. அவங்கம்மாவுக்கும் இப்படித்தான்னு கேள்வி" என்றாள் மாமியார்.

"நல்லா இருக்கற மார்பு எப்படி வத்தும்? யாராச்சும் பாத்து ஏங்கியிருப்பாங்க. குடுக்கறப்ப யாரும்மா கூட இருந்தது?"

இளையவள் தலையைக் குனிந்தபடி இருந்தாள். இரண்டு ஜோடிக் கண்கள் அவள் மார்பின்மேல் இருந்தன. அவளுக்கு எப்படியாவது அந்தக் கண்கள் அங்கிருந்து விலகினால் போதும் என்றிருந்தது.

"அக்காதான் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் ஒரு சொட்டும் இல்லை. அதனால்தான் பிறகு அதைத் திரும்ப வாங்கவும் வழியில்லாமல் போயிற்று. சகோதரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார் நீளமாக மூச்சுவிட்டாள். கண்கள் இளையவளை விட்டு விலகின. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு உடம்பு கூசியது. அன்று மத்தியானம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள், குழந்தை பெற்ற பிறகு முதல்முறையாக.

மறுநாளிலிருந்து வீட்டில் புதுச் சட்டம் வந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. குழந்தை இல்லாத அறைக்குள் மூத்தவள் போகலாம். மூத்தவள் இல்லாத அறைக்குள் குழந்தை போகலாம். பால் கொடுக்கும் நேரத்தில் கதவு சாத்தியிருக்க வேண்டும். பெரியவன் இதைப் பார்த்தான். "அம்மா மனசு கஷ்டப்பட வேண்டாம், விட்டுரு" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

சட்டம் வந்த பிறகும் பால் ஊறவில்லை. பிறகுதான் சின்னவன் ஒருநாள், வீட்டுக்கே வந்து பார்த்துச் சொல்லித்தரும் தாய்ப்பால் ஆலோசகர் ஒருவரை ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னான். மாமியாருக்கு முதலில் பிடிக்கவில்லை. "பால் குடுக்கறதுக்குமா ட்யூஷன்?" என்றாள். ஆனால் வருவது உறுதியாகிவிட்டதும் வீட்டைத் தலைகீழாகப் புரட்ட ஆரம்பித்தாள்.

இப்போதும் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். "டேய், அந்தப் பவுடர் டப்பாவத் தூக்கி அலமாரியில துணிக்கு அடியில வை. பாட்டிலயும்தான்."

சின்னவன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான். "என்னம்மா, ரெய்டா வருது?"

"நாலு வீடு போறவ அவ. நம்ம வீட்டுக் கதைய நாலு வீட்ல சொல்லுவா. ஏம்மா சின்னவளே, கேட்டா தாய்ப்பால் மட்டும்தான்னு சொல்லு."

மூத்தவள் அறையைத் துடைத்து முடித்து, புது விரிப்பு போட்டு, கை வைத்த நாற்காலி ஒன்றை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். துண்டு மறுபடி குழந்தையின் முகத்துக்கு ஏறியது.

"நீ இன்னிக்குச் சீக்கிரமாவே கெளம்பிரேன்" என்றாள் மாமியார், துண்டைப் பிடித்தபடியே.

"மத்தியானம்தான் அத்தை டூட்டி."

"அதுக்கென்ன? காத்தாட எங்கயாவது உக்காந்துட்டுப் போ. நல்லது நடக்கணும்னு ஒருத்தர வரச் சொல்லியிருக்கோம்."

சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று இளையவளுக்குத் தெரிந்தது. அக்கா இருக்கட்டும், எனக்குத் துணையா இருக்கட்டும் என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால், பிறகு பால் ஏன் வற்றியது என்ற கேள்வி திரும்பி அவளிடமே வந்து நிற்கும். அவள் போர்வையின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

மூத்தவள் உடை மாற்றிக்கொண்டு பையை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை இளையவள் மெல்ல நடந்து போனாள்.

"அக்கா."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

மூத்தவள் செருப்புக்குள் காலை நுழைத்தாள். "அந்தம்மா கேக்கறதுக்கெல்லாம் உள்ளத உள்ளபடி சொல்லு. வெக்கப்படாத" என்றாள். படிகளில் அவள் இறங்குகிற ஓசை கொஞ்ச நேரம் கேட்டது.

ஆலோசகர் நடுவயதுப் பெண்மணி. ஒரு பெரிய பையும், குழந்தையை எடை பார்க்கும் தட்டும் கொண்டுவந்திருந்தார். கை கழுவ இடம் கேட்டார். மாமியார் நீட்டிய டீயை "அப்புறம் குடிக்கறேம்மா" என்று ஓரமாக வைத்தார். குழந்தையை எடை பார்த்துவிட்டு, இளையவளை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்து, தானும் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மாமியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சின்னவன் கதவில் சாய்ந்து நின்றான்.

"பவுடர் எத்தனை தடவை குடுக்கறீங்க?"

"அதெல்லாம் கெடையாது, தாய்ப்பால்தான்" என்றாள் மாமியார்.

ஆலோசகர் மாமியாரைப் பார்க்கவில்லை. இளையவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுக்கறோம்" என்றாள் இளையவள். "பாதிக்கு மேல அதுதான். டப்பா அலமாரிக்குள்ள இருக்கு."

மாமியார் ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

"குடுத்தது தப்பே இல்ல. குடுக்காம இருந்திருந்தா பட்டினி கெடந்திருக்கும்" என்றார் ஆலோசகர். "இப்ப எப்பவும்போலக் குடுங்க, பாப்போம்."

பொடிசு பிடித்தது, நழுவியது, மறுபடி பிடித்தது. அமைதியான அறையில் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் நாக்கைத் தட்டுவதுபோல 'டக்', 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. ஆலோசகர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அவங்க சொன்னது சரிதான்" என்றார். "எங்க அவங்க? போன்ல பேசினாங்களே."

"இவர்தான் பேசினாரு" என்று இளையவள் கணவனைக் காட்டினாள்.

"இல்லம்மா, ஒரு பொண்ணு. ரெண்டு மூணு தடவை கூப்பிட்டாங்க. ஒவ்வொரு வாய்க்கும் டக்கு டக்குன்னு சத்தம் வருது, கொஞ்ச நேரத்துல களைச்சுத் தூங்கிருது, எந்திரிச்சதும் அழுவுதுன்னு அவ்வளவு தெளிவாச் சொன்னாங்க. நாக்கத் தூக்கிப் பாக்க முடியுமாங்கன்னு கேட்டேன். 'நான் பாக்க முடியாதும்மா, அடுத்த ரூம்ல இருக்கேன். கேக்க மட்டும்தான் முடியும்'னாங்க. பக்கத்து வீட்டுக்காரங்களோன்னு நெனச்சேன்."

குழந்தை டக், டக் என்று குடித்தது.

சின்னவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அண்ணிதான் பேசினாங்க. அவங்க க்ளினிக்குக்கு வந்த யாரோ நம்பர் குடுத்தாங்களாம். நான் ஏற்பாடு பண்ணினதா இருக்கட்டும், அவங்க பேர் வந்தா அம்மா வேண்டாம்னுருவாங்கன்னு சொன்னாங்க."

ஆலோசகருக்கு இந்த வீட்டுக் கணக்கு எதுவும் தெரியாது. அவர் கையுறை மாட்டிக்கொண்டு, பொடிசின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டு நாக்கை மெல்லத் தூக்கினார். "இங்க வந்து பாருங்கம்மா" என்று மாமியாரையும் கூப்பிட்டார். நாக்குக்கு அடியில் ஒரு மெல்லிய சவ்வு நுனிவரை ஒட்டி, நாக்கை நீள விடாமல் இழுத்துப் பிடித்திருந்தது.

"நாக்கு வெளிய வந்தாத்தான் இழுத்துக் குடிக்க முடியும். இதுக்கு வரல. அதான் நழுவுது, சத்தம் வருது. உங்களுக்குப் புண்ணானதும் அதனாலதான். குழந்தை இழுக்க இழுக்கத்தான் பால் ஊறும். இழுக்கலன்னா ஒடம்பு கொறச்சுக்கும். குழந்தை டாக்டர்கிட்டக் காட்டுங்க. வெட்டணும்னு அவர் நெனச்சா சின்ன வேலைதான். அதுவரைக்கும் எப்படிப் பிடிக்கறதுன்னு நான் சொல்லித்தர்றேன்."

"இது... எப்படி வந்தது?" என்றாள் மாமியார்.

"பொறக்கறப்பவே இருக்கறதும்மா. யார் தப்பும் இல்ல."

இளையவள் அழ ஆரம்பித்தாள். பெற்றவளுக்கு வருகிற அழுகைதான் என்று ஆலோசகர் நினைத்துக்கொண்டு, அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி வைத்தார். வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருக்கச் சொன்னார். முதலில் தாடை பதிய வேண்டும் என்றார். நாலைந்து முயற்சிக்குப் பிறகு பொடிசு ஒருமாதிரி வாகாகப் பிடித்துக்கொண்டது. சத்தம் முழுக்க நிற்கவில்லை, குறைந்தது. நடுவில் ஒருமுறை அது மடக்கென்று விழுங்கியது எல்லாருக்கும் கேட்டது.

ஆலோசகர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். போகும்போது, "அந்த அடுத்த ரூம்காரங்கள இவங்க கூடவே இருக்கச் சொல்லுங்க. அவ்வளவு கவனமா கேக்கறவங்க பக்கத்துல இருந்தா நல்லது" என்று மாமியாரிடம் சொன்னார்.

மாமியார் "ஆகட்டும்" என்றாள்.

அவள் கெட்டவள் இல்லை. மூத்த மகன் வயிற்றில் தங்குவதற்குமுன் சில வருஷங்கள் அவளுமே இந்த வார்த்தைகளையெல்லாம் கேட்டவள்தான். உறவுக்காரி ஒருத்தியின் குழந்தையைத் தூக்கப் போனபோது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்களாம். அதை அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். "நான் படாததா?" என்று பெருமையாகத்தான் சொல்வாள். தான் தாங்கிய ஒன்றை இன்னொருத்தியும் தாங்கினால் என்ன குறைந்துவிடும் என்பதுதான் அவள் நியாயம்.

மத்தியானம் இளையவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது மாமியார் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலில் உற்சாகம் இருந்தது.

"ஆமாண்டி, நாக்குல ஏதோ சவ்வாம். சரி பண்ணிரலாம்னு சொல்லிட்டா. ஆனா ஒண்ணு பாரு, இன்னிக்குக் காலையிலதான் மூத்தவள வெளிய அனுப்பினேன். அவ படி இறங்கி ஒரு மணி நேரம் ஆகல, குழந்தை மடக்கு மடக்குன்னு குடிக்குது. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க..."

இளையவள் நின்றாள். அவ்வளவு தெளிவாக, விரலை விட்டுத் தூக்கிக் காட்டிய பிறகும், சவ்வு சவ்வாகவும் கண்ணேறு கண்ணேறாகவுமே இருந்தன. இந்த வீட்டில் இனி குழந்தை தேறினால் அது மூத்தவள் விலகியதால். தேறாவிட்டால் அது மூத்தவள் பார்த்ததால். அந்த வழக்கில் தீர்ப்பு மாறவே மாறாது. முதல் சாட்சி சொன்னவள் வாயைத் திறந்தால் ஒழிய.

அவள் போய் மாமியாரின் கையிலிருந்து போனை வாங்கினாள். பிடுங்கவில்லை. மாமியார் ஆச்சரியத்தில் கொடுத்துவிட்டாள்.

"சித்தி, நான்தான் பேசறேன். அன்னிக்கு நீங்க யார் கூட இருந்ததுன்னு கேட்டீங்க. நான் அக்கா பேரச் சொன்னேன். அக்காவால ஒண்ணும் ஆகலன்னு எனக்கு அப்பவே தெரியும். நீங்க ரெண்டு பேரும் என்னையக் கொற சொல்றத நிறுத்தணும்னு சொன்னேன். அவ்வளவுதான்."

மறுமுனையிலிருந்து, "நீ பச்ச ஒடம்புக்காரி, போய்ப் படும்மா" என்று குரல் வந்தது.

"படுக்கறேன் சித்தி. அதுக்கு முன்னாடி இத நீங்க யார் யார்கிட்டச் சொன்னீங்களோ அவங்ககிட்டயும் சொல்லிருங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். மாமியார் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக அடுக்கினாள்.

சாயங்காலம் மூத்தவள் வந்தாள். வழக்கம்போலக் கூடத்தைச் சுவரோரமாகக் கடக்கப் போனாள். மாமியார் மடியில் குழந்தை விழித்திருந்தது. துண்டு தோளில் கிடந்தது.

"என்ன அப்படியே போற? இந்தா, தூக்கேன். அந்தம்மா உன்னையத்தான் புகழ்ந்துட்டுப் போச்சு."

மூத்தவள் நின்றாள். குழந்தையைப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு மறைப்பு இல்லாமல் பார்த்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. அவள் கை தானாக ஒருமுறை எழுந்து, பை வாரைப் பிடித்துக்கொண்டது.

"வேண்டாம் அத்தை."

"ஏன், கோவமா?"

"நாளைக்கு இதுக்குச் சளி பிடிச்சா?"

மாமியாருக்குப் புரியவில்லை. "பிடிச்சா என்ன, மருந்து குடுப்போம்."

"அப்ப அது யாரால வந்த சளி அத்தை?"

"அதெல்லாம் இப்ப எதுக்குப் பேசற? தூக்குன்னா தூக்கேன்" என்றாள் மாமியார். ஆனால் குழந்தையை நீட்டிய கை கொஞ்சம் தாழ்ந்தது.

மூத்தவள் சமையலறைக்குப் போனாள். ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்து, நின்றபடியே குடித்தாள். காலையில் கிளம்பியவள் மத்தியானம்வரை எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. இளையவள் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றாள். காலையிலிருந்து மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது உதவிக்கு வரவில்லை.

"அக்கா, உங்க பேர அன்னிக்குச் சொன்னது நான்தான். அவங்க கேட்டாங்க. என்னையச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, தாங்கல. அதான் உங்களச் சொல்லிட்டேன்."

மூத்தவள் தம்ளரைக் கழுவினாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"அன்னிக்கு எனக்கு லீவு. உள்ளதான் படுத்திருந்தேன். அந்தப் பலகைல எது கேக்காது?"

இளையவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சுமா அவங்களுக்குப் போன் பண்ணீங்க?"

"அதுக்கப்புறமும் அது அழுதுக்கிட்டேதான இருந்துச்சு" என்றாள் மூத்தவள்.

அவள் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அதைக் கேட்கிற துணிச்சல் இளையவளுக்கும் வரவில்லை.

கூடத்தில் பொடிசு பசித்துக் குரல் எடுத்தது. சமையலறையில் இருந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பெற்றவள் மட்டும் போனாள்.